வேலூர் வெயிலில் மூன்று வண்டி

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். வேலூர்ப் பக்கத்து வண்டியாக இருந்தால் நான் அதற்கு முன் வேறொன்றைக் கேட்பேன்: ஓடாத நேரத்தில் எங்கே நின்றது? கொட்டகைக்குள்ளா, வேப்பமரத்தடியிலா, மொட்டை வெயிலிலா? சேர்ந்தாற்போல் எவ்வளவு காலம் நின்றது? இதற்கு நேரான பதில் கிடைத்துவிட்டால் மீட்டரைப் பார்க்காமலே பாதி விலை பேசிவிடலாம்.

மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி அந்தக் காலத்திலிருந்தே ஒரு கேலி உண்டு. அந்த முதல் குறை வண்டிக்காரனுக்குத்தான் முழுதாக உறைக்கும். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் காய்ந்த கல், இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே ஒரு செய்தியே இல்லை. இந்த வெயிலில் கிலோமீட்டர் ஏறாமலே வண்டிக்கு வயது ஏறும். சர்வீஸ் புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது" என்று போட்டிருப்பார்கள். பலரும் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பெரும்பாலும் முந்துவது மாதம்தான்.

என்னிடம் மூன்று வண்டிகள் இருக்கின்றன. சித்தப்பா ஓட்டி, எனக்குக் கொடுத்த 1990-களின் புல்லட் 350. காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் ஸ்பிளெண்டர். பழையதாக வாங்கிய ஸ்விஃப்ட் டீசல் கார். காசுக் கணக்குப் பார்க்கிற மனிதர் யாரும் இப்படி மூன்று வைத்துக்கொள்ள மாட்டார். "மூன்று வைத்திருந்தாலும் ஒன்றில்தானே போகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்பார்கள். உண்மைதான். அந்த ஒன்றுதான் எனக்குச் செலவே வைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தினமும் ஓடுகிற வண்டியில் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்வருகிறது. பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறிக்கொள்கிறது. சைலன்சருக்குள் சேரும் ஈரம் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. டாங்கில் பெட்ரோல் பழசாவதற்கு நேரமில்லை. எல்லாவற்றையும்விட, ஏதாவது சத்தம் மாறினால் அன்றைக்கே காதில் விழுந்துவிடுகிறது. ஸ்பிளெண்டருக்கு நான் செய்வது குறைவு: ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்றுவது, ஏர் ஃபில்டர், செயின். ஜல்லி, கிரானைட் லாரிகள் ஓடும் சாலைகளில் பறப்பது சாதாரண மண் தூசி இல்லை, கல் மாவு. அதனால் ஃபில்டரைப் புத்தகம் சொல்வதற்கு முன்பே கழற்றிப் பார்த்துவிடுவேன். செயின்தான் இந்த வண்டியில் எல்லோரும் மறப்பது. முழுக்கவர் போட்டு மூடியிருப்பதால் கண்ணில் படுவதில்லை. கவரில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தால், நடுவில் 2, 3 சென்டிமீட்டர் ஆட்டம் இருப்பது சரி. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் பார்த்து இறுக்கினால், செயின் தேய்மானம் சமமாக இல்லாதபோது வேறோர் இடத்தில் அது கம்பியாக விறைத்துக்கொண்டு பேரிங்கைத் தின்னும்.

புல்லட் விஷயம் வேறு. அதை ஓட்டாமல் விட்டால் அது சும்மா நிற்பதில்லை; உள்ளே என்னென்னவோ நடந்துகொண்டிருக்கும். பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. வாரக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது குச்சியை எடுத்து அளவு பார்த்தால் ஆயிலே இல்லாததுபோல் தெரியும். புதிதாக வாங்கியவர்கள் பதறிப்போய்க் கடைக்கு ஓடி ஒரு டப்பா வாங்கி ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் உள்ளே இறங்கியிருந்த ஆயிலும் தொட்டிக்குத் திரும்பும். இடம் கொள்ளாமல் மூச்சுக்குழாய் வழியாக வழிந்து, பின் டயர் வரை நனைத்துவிடும். பின் டயரில் ஆயில் பட்ட புல்லட்டோடு முதல் வளைவில் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

வேலூர் டவுனில் எனக்கு வாய்த்த மெக்கானிக் பாய், இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ஊற்றாதே தம்பி. முதலில் ஓட்டு, வந்து பார்." நின்ற புல்லட் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் சைலன்சரில் நீலப் புகை வரும். தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தப் புகைக்காக யாராவது பிஸ்டன் மாற்றச் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் புகை நிற்கவில்லை என்றால் மட்டும் அது வேறு பேச்சு.

எஞ்சினுக்குப் பொறி வரவைக்கும் பிளாட்டினம் பாயின்ட் வைத்த வண்டி அது. நிற்கும்போது பாயின்டின் முனைகளில் மெல்லிய படலம் படிந்துவிடும். உதை உதை என்று உதைத்தாலும் பொறி வராது. சொரசொரப்பான தாளால் தேய்க்காமல், சுத்தமான வெள்ளைத் தாளை இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து இழுத்தாலே பெரும்பாலும் போதும். பிறகு இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்வது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வேலைக்கு யாரையும் தேட வேண்டாம். எஞ்சின் வால்வைத் திறந்து மூடும் டாப்பெட்டும் அப்படித்தான். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்தால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இவ்வளவுதான் சூத்திரம். ஓடிவந்த சூட்டோடு இதைச் செய்து பார்த்தவர்கள் கையையும் சுட்டுக்கொண்டு, அளவையும் தப்பாக வைத்துக்கொண்டார்கள்.

உதைப்பதில் பலத்துக்கு வேலை குறைவு. சாவியைப் போட்டதும் அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டு போனால் ஓர் இடத்தில் கால் தடுக்கும். அதே நேரம் முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது நடுவுக்கு வரும். அங்கே, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் கம்பியை இழுத்து, ஒரு நூல் அளவு தாண்டவிட்டு, கம்பியை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உதை. இப்படிச் செய்கிறவரைக் கிக்கர் திருப்பி அடிப்பதில்லை. அவசரத்தில் சும்மா ஏறி மிதித்தவர்களின் கணுக்கால் கதைகள் ஒவ்வொரு புல்லட் மெக்கானிக் கடையிலும் கேட்கக் கிடைக்கும்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய பைக்குகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். வாரம் முழுக்க ஸ்பிளெண்டரில் போய்விட்டு ஞாயிறு காலை புல்லட்டை எடுக்கும்போது மூளைக்குத் தெரிந்தாலும் காலுக்குத் தெரியாது. குறுக்கே ஒரு நாய் ஓடினால் வலது கால் தானாகக் கியரை மிதிக்கும், வண்டி நிற்காது. அதனால் எங்கள் தெருவுக்குள்ளேயே இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை இடது காலால் பிரேக் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் பெரிய சாலைக்குப் போவேன். எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு இது பல ஆண்டுகளாக வேடிக்கை. எந்தப் பழைய வண்டியையும் இரவல் வாங்கி ஓட்டுகிறவர்கள் இந்த வேடிக்கையைச் செய்துவிட்டே கிளம்பலாம்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓடுகிற வண்டிக்கு அது பெரிய பாதிப்பு இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி மாதக்கணக்கில் நின்றால், கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக ஒட்டி, பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையான ஜெட்டை அடைக்கும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இளகியோ வெடித்தோ போகும். வீட்டுக்கு வருவதற்குச் சற்று முன்பே டாங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் திருகை (காக்) மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை எரித்துக்கொண்டே வந்து நிறுத்துவது என் பழக்கம். ஓரிரு கிலோமீட்டரில் எஞ்சின் தானாக அணைகிற இடம் எங்கள் வீட்டு வாசலாக இருக்கும்படி கணக்குப் பழகுவதில் ஒரு தனிச் சுகம் உண்டு. வண்டிப் பைத்தியம் இல்லாதவர்களுக்கு அதைப் புரியவைக்க முடியாது. ரப்பர் குழாய்களை ஆண்டுக்கொரு முறை விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டிப்பட்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும் வரை காத்திருக்கக் கூடாது.

இப்போது கார். பழைய கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை நாட்டின் பொது எஞ்சின் என்பார்கள். ஃபியட் வடிவமைத்தது; மாருதியிலும் டாடாவிலும் ஃபியட்டிலும் அதுவே ஓடியது. உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டாம் என்பதற்காகவே தேடி வாங்கினேன். வாங்கிய பிறகு தெரிந்தது, என் ஓட்டத்துக்கு அது தேவைக்கு மேற்பட்ட கார் என்று. அது வாரத்தில் பெரும்பகுதி நின்றது. நின்ற காருக்கு முதல் விருந்தாளி எலி.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் போடுகிற காலி மனை ஒன்று இருக்கிறது. மழை பிடித்ததும் எலிகள் கதகதப்பான இடம் தேடி பானெட்டுக்குள் வரும். ஒயரை மட்டும் கடிக்கும் என்று நினைக்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் வைக்கோலும் சேர்த்துக் கூடே கட்டிவிடும். புகையிலை, ரசகற்பூரம், எலி விரட்டும் ஸ்பிரே என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். எல்லாம் கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு எலிக்கும் பழகிவிடும். உருப்படியாக உதவியவை இரண்டு. ஏர் ஃபில்டருக்குக் காற்றுப் போகும் வாயில் சின்னக் கண் கம்பி வலையை வைத்துக் கட்டியது ஒன்று. இரவில் பானெட்டைத் திறந்தே வைத்தது இன்னொன்று. வெளிச்சமும் காற்றும் பட்டால் அதற்கு அது வீடாகத் தோன்றுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், காரை நகர்த்திக்கொண்டே இருப்பது.

நகர்த்துவது என்றால், நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிடுவது இல்லை. அந்தப் பழக்கம் கெடுதல். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்பாது; எஞ்சினும் முழுச் சூட்டுக்கு வராமல் ஈரத்தை உள்ளேயே தங்கவைக்கும். 20 கிலோமீட்டராவது ஓட வேண்டும். நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. குளிர்காலத்தில்தான் பேட்டரி சாகும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். இங்கே கத்திரியில் சூடு அதைத் தின்கிறது, மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் அது படுத்துவிடுகிறது, பழி மழையின் மேல் விழுகிறது. நீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு வெயில் காலத்தில் மாதமொரு முறை மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரை அதில் ஊற்றினால் பேட்டரிக்கு அதுவே விஷம்.

அதே உப்புத் தண்ணீர்தான் ரேடியேட்டருக்கும் பெயின்டுக்கும் பகை. கொதிக்கிற பகலில் காரைக் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், பிறகு எந்தத் துணிக்கும் போகாது. சாயங்காலம் நிழலில் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது பாதுகாப்பு என்பது இன்னொரு நம்பிக்கை. உள்ளே சூடும் ஈரமும் அடைபட்டு, காற்றில் கவர் உரசி உரசிப் பெயின்டில் கோடு விழும். காற்றோட்டமுள்ள துணிக் கவர், அதுவும் வண்டியைத் துடைத்த பிறகு மட்டும்.

வீட்டில் நல்ல நிழல் ஒரு வண்டிக்குத்தான் இருக்கிறது. அதை நான் புல்லட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். கார் தகரக் கூரைக்குக் கீழே. ஸ்பிளெண்டருக்குக் கிடைத்த இடம் போதும். விலை உயர்ந்தது உள்ளே, மலிவானது வெளியே என்று நினைக்கிற உறவினர்களுக்கு இது விநோதமாகத் தெரிகிறது. அதிகம் நிற்பது எதுவோ அதற்கே நிழல் என்பது என் கட்சி. நிழல் இல்லாத இடத்தில், தினமும் ஒரே பக்கம் வெயில் படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துவதும் கொஞ்சம் உதவும்.

வெயில் எதைக் கெடுக்கிறது என்பது பகலில் தெரியாது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் போகும் சாலையில் இரவில் போய்ப் பாருங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்த வைணு பாப்பு வானாய்வகம் அந்த மலையில் இருப்பது, வானம் அவ்வளவு இருட்டாக இருப்பதால்தான். அந்த இருட்டில் என் கார் ஹெட்லைட் அகல் விளக்காக எரிந்தது. பல்பு புதிது, மேலிருந்த பிளாஸ்டிக் கண்ணாடி வெயில் பட்டு மஞ்சளாகியிருந்தது. பல்பை மாற்றி மாற்றிப் பயனில்லை. நுண்மையான தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் கொடுக்க வேண்டும். கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும். விலை குறைத்துச் சொல்கிற கடையில் அதைத்தான் விடுவார்கள். ஹெல்மெட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுத்திய வண்டியின் கண்ணாடிக் கம்பியில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அமுங்கிப் பள்ளமாகும். அடிபடும்போது காக்க வேண்டியது அந்தத் தெர்மோகோல்தான். வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நிழலில் வையுங்கள்.

டயருக்கு வருகிறேன். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். புதுடயர் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். கடையில் இரண்டு ஆண்டு தூங்கியது புதுசு என்ற விலையில் வரும். கோடு தேயாமல் பளபளவென்று இருக்கும் பழைய டயர்தான் எனக்குப் பயம். ரப்பர் இறுகிப்போயிருக்கும், முதல் மழையில் பிடிப்பு இருக்காது. ஐந்து, ஆறு ஆண்டு ஆனால் கோட்டைப் பார்க்காமல் மாற்றிவிடுவது என் வழக்கம். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கார் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். மத்தியானம் பள்ளிகொண்டா வரை ஓட்டிவிட்டுப் பங்கில் அளந்து, "அதிகமாக இருக்கிறது" என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு ஓடும். நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்கப் பெரும்பாலும் குறைந்த காற்றே காரணம், அது மேலும் மேலும் சூடேற்றும். பங்குக்குப் பங்கு கருவி வேறு அளவு காட்டும். சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

ஏலகிரி போகாத வண்டிக்காரர் இங்கே இல்லை. தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள். கீழே பொன்னேரியில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஏறத் தொடங்கினால் என் டீசல் எஞ்சினின் குணம் முழுதாகத் தெரியும். நிமிடத்துக்கு 1,800, 2,000 சுற்றுக்குக் கீழே, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ தூங்கும். இரண்டாவது கியரிலேயே வளைவைத் திருப்பலாம் என்று சோம்பல்பட்டால், சரியாக வளைவின் நடுவில் மூச்சு நின்று பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். இறங்கும்போதும் அதே கியர்தான். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களைக் கீழே இறங்கியதும் வாசனையை வைத்தே கண்டுபிடிக்கலாம். பிரேக் லைனிங் கருகும் நாற்றம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பழசானால் அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கிவிடும், மலையில் பெடல் பஞ்சாகப் போகும். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். குறைவாக ஓடும் காருக்கும் அதே இரண்டு ஆண்டு. இன்னொன்று: குறுகிய மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஜவ்வாது மலையில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் வழியில் இதைத் தெரிந்தவர்கள் உள்ளூர் வேன்காரர்கள் மட்டும்தானோ என்று தோன்றும்.

மலைக்குப் போகிற கிராமச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் கேழ்வரகும் கொள்ளும் எள்ளும் சாலையிலேயே காயும். களம் இல்லாதவர்களை என்ன சொல்வது. போகிற வண்டியே கதிரடித்துக் கொடுக்கிறது. இரண்டு சக்கரத்தில் போகிறவர் அதன்மேல் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், நேராக மெதுவாகத் தாண்ட வேண்டும். காருக்கு ஆபத்து வேறு விதம். காய்ந்த கொள்ளுச்செடி அச்சில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். செடி தடிமனாகப் பரப்பியிருந்தால் முடிந்தவரை ஓரமாகச் சுற்றிப் போங்கள். தாண்டிய பிறகு கீழே கரகரவென்று சத்தமோ புகை வாசனையோ வந்தால், வெறும் தரை பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். செடியின் மேலேயே நிறுத்திவிட்டு இறங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

வெயிலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வெள்ளமும் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நீரில்லா ஆறு என்ற கேலிக்கு ஆறே பதில் சொன்னது. தாழ்வான தெருக்களில் நின்ற வண்டிகளில் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாகச் சாவியைத் திருப்பியவர்கள் எஞ்சினையே இழந்தார்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். நனைந்த வண்டியில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டில் இந்த எஞ்சின் சேதம் பெரும்பாலும் வராது. அதற்கென்று தனிச் சேர்க்கை வாங்க வேண்டும்.

நிற்கும் வண்டியும் காகிதம் கேட்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், வரி தனி. என் புல்லட் 346 சி.சி. பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் பைக்குக்கு 300-இலிருந்து 1,000 ஆகவும் காருக்கு 600-இலிருந்து 5,000 ஆகவும் உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் இன்னும் கூட்டினார்கள். பசுமை வரி வேறு. புதுப்பிக்கப் போகும் முன் ஃபிரேமில் பொறித்த எண்ணின் மேலிருக்கும் துருவையும் பழைய பெயின்டையும் சுத்தம் செய்துவிடுங்கள். ஆய்வாளர் அதைத்தான் முதலில் தேடுவார். எண் தெளிவாகத் தெரியாததால் திரும்பி வந்த வண்டிகளை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், சைலன்சர் சத்தம் எல்லாம் பிறகு.

அடுத்து எங்கள் ஸ்விஃப்டின் முறை, 15 ஆண்டு நெருங்குகிறது. விற்றுவிடலாமா, புதுப்பிக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ஆரணியிலிருந்து மைத்துனர் ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். எது முடிவானாலும் பின் டயர் இரண்டையும் அதற்குள் மாற்றியாக வேண்டும். இப்போதிருப்பதில் எண் 18 என்று முடிகிறது.